கூட்டுறவு வீட்டுக்கடன், நிறுவன முதலீட்டு வழி

காப்பீடு போன்ற நீண்டகால நிதியைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக எளியோரின் வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் முறை.

இந்தியாவின் முதல் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் 1909இல் பெங்களூரில் அமைந்தது. 1956இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) தோன்றியபின் பாலிசிதாரர்களின் பணம் வீட்டுவசதித் துறைக்கும் வந்தது. தமிழ்நாட்டில் அரசின் உத்தரவாதத்துடன் மாநில வீட்டுவசதிக் கூட்டுறவு இணையம் எல்.ஐ.சி. போன்ற நிறுவனங்களிடம் கடன் பெற்று, தொடக்கச் சங்கங்களுக்கு வழங்கியது. சங்கம் உறுப்பினருக்குக் கொடுத்தது. இணையமும் சங்கங்களும் 1983ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்திற்கு உட்பட்டவை.

மனை உறுப்பினர் பெயரிலேயே இருக்கும். மூலப்பத்திரம் சங்கத்தில் அடமானமாக இருக்கும். வில்லங்கச் சான்றிலும் அப்பதிவு தெரியும். கடைசித் தவணை கட்டிய பிறகே பத்திரம் கைக்கு வரும். மனை தனியார் பெயரில் இருப்பதால் இது முழுமையான சமூக உடைமை அன்று. சமூகத்தின் கையில் இருப்பது கடன் வழங்கும் அமைப்பு மட்டுமே.

தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் இம்முறைக்குச் சிக்கல் தவணையில்தான். திராட்சை, ஏலக்காய், வாழை வேலைகளில் கூலி பருவத்துக்குப் பருவம் மாறும், தவணையோ மாறாது. நிலுவை பெருகிய காலங்களில் அரசு அபராத வட்டித் தள்ளுபடி அறிவித்தது.

வீட்டுவசதியில் நிறுவன முதலீட்டின் அண்மைக்கால வடிவம் தமிழ்நாடு உறைவிட நிதியம். இந்நிதியத்துக்கான 3.5 கோடி டாலர் மூலதனப் பங்களிப்பை உள்ளடக்கிய திட்டத்துக்கு உலக வங்கி 2020இல் கடனுதவி அளித்தது. பணிபுரியும் பெண்களுக்கான ‘தோழி’ விடுதிகளில் சில இந்நிதியத்தின் முதலீட்டில் எழுந்தவை. அவை வாடகை இருப்பிடங்கள். தங்குவோருக்கு அவற்றில் உடைமைப் பங்கு இல்லை.