இரு மாதிரி ரி சோதனை

இரு மாதிரி ரி சோதனை என்பது, தொடர்பற்ற இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே காணப்படும் வேறுபாடு தற்செயலால் மட்டும் வந்திருக்கக்கூடியதா என்று பார்க்கும் புள்ளிவிபரவியல் முறை. வெள்ளவத்தையில் சில பிள்ளைகளிடமும் கொட்டாஞ்சேனையில் சில பிள்ளைகளிடமும் பள்ளிக்கூடம் போய்ச்சேர எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டால், இரண்டு சராசரிகளும் ஒன்றாக வருவது அரிது. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பிள்ளைக்குப் பிள்ளை நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து நியம வழு கணிக்கப்படும். சராசரிகளின் வேறுபாட்டை அதனால் வகுத்தால் கிடைப்பதே ரி; அதன் பருமன் கூடக்கூட, வேறுபாடு தற்செயலானது என்று கொள்வது கடினமாகும்.

தோற்றம்

டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் 1899இல் சேர்ந்த வில்லியம் சீலி கொசெற் (1876–1937), பார்லி பற்றிய பரிசோதனைகளில் ஒருசில அளவீடுகளையே நம்பவேண்டியிருந்தது. அன்றைய முறைகளோ பெரிய மாதிரிகளுக்கானவை. இலண்டனில் கார்ல் பியர்சனிடம் பயின்றபின், சிறு மாதிரிகளுக்கான பரம்பலை 1908இல் ‘பயோமெற்றிக்கா’ இதழில் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார்.

அக்கட்டுரையின் ஓர் எடுத்துக்காட்டு பத்து நோயாளிகளின் தூக்கம். ஒரு மருந்தால் சராசரி 0.75 மணியும் மற்றதால் 2.33 மணியும் தூக்கம் கூடியது. இருவேறு குழுக்கள் எனக் கொண்டால் ரி 1.86, 18 சுயாதீனப் படிகளுக்கு (இருபது அளவீடுகளிலிருந்து இரு சராசரிகளைக் கழித்தது) ஐந்து வீத மட்டத்தில் வேண்டியது 2.10 என்பதால் முடிவு உறுதியில்லை. ஆனால் இரு மருந்தையும் உட்கொண்டவர்கள் அதே பத்துப் பேர். ஆளுக்கு ஆள் வேறுபாட்டை எடுத்தால் ரி 4.06, 9 படிகளுக்கு 2.26 போதும். எண்கள் மாறவில்லை, வழுவைக் கணித்த விதம்தான் மாறியது.

இரு மாதிரிகளுக்கு இம்முறையை விரித்து, சுயாதீனப் படிகளோடு அட்டவணை தந்து 1925இல் நூலாக்கிப் பரப்பியவர் ரொனால்ட் ஃபிஷர்.

இலங்கையில்

அதே 1925இல் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டம் அதன் இருப்பிடமானது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஃபிஷருடன் சேர்ந்து கட்டுரை எழுதிய தோமஸ் ஈடன் இத்தேயிலை நிலையத்தில் பணியாற்றினார். விதையில் முளைத்த தேயிலைச் செடிகள் ஒரேயளவு கொழுந்து தருவதில்லை; மலைச்சரிவில் மண்ணும் இடத்துக்கிடம் மாறும். ஆகவே உரமிட்ட பாத்தியையும் இடாததையும் ஒப்பிடுமுன், உரமில்லாமலே பாத்திகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அறியவேண்டும். தேயிலை வயல் பரிசோதனைகளின் இந்த வழுவை ஈடன் 1931இல் ஆராய்ந்து எழுதினார். செவ்வன் பரம்பலில் அமையாத தரவுகளுக்கும் ரி சோதனைக்கு நெருங்கிய ஃபிஷரின் ‘இசட்’ சோதனை செல்லுமா என 1933இல் புள்ளிவிபரவியலாளர் ஃபிராங்க் யேற்ஸுடன் கோதுமைத் தரவுகளைக்கொண்டு பரிசீலித்தார்.

சமமற்ற மாறற்றிறன்

ஃபிஷரின் இரு மாதிரி ரி முறை இரு குழுக்களின் மாறற்றிறனும் (சராசரியிலிருந்து தரவுகள் சிதறும் அளவு) சமம் எனக் கொள்கிறது. சமமில்லாதபோது எழும் சிக்கல் பெரென்ஸ்–ஃபிஷர் பிரச்சினை எனப்படும். ஃபிஷரின் தீர்வுக்கு இந்தியரான பி. வி. சுகாத்மே 1938இல் ‘சங்க்யா’ இதழில் அட்டவணை வெளியிட்டார். நடைமுறையில் நிலைத்தது, பெர்னார்ட் வெல்ச் 1938, 1947 ஆண்டுகளில் தந்த தோராய முறை.

இன்று

‘ஆர்’ மென்பொருள் கேட்காமலே வெல்ச் முறையைக் கையாள்கிறது. ‘எஸ்பிஎஸ்எஸ்’ மாறற்றிறன் சமம் எனக் கொண்ட விடை, வெல்ச் விடை இரண்டையும் தருகிறது. ஆனால் அளவீடுகள் இருவேறு ஆட்களிடம் பெறப்பட்டவையா, ஒரே ஆளிடம் இருமுறை பெறப்பட்டவையா என்பதை எந்த மென்பொருளாலும் கண்டறிய முடியாது. அதைத் தரவு சேகரித்தவரே சொல்லவேண்டும்.