நிலத்தடி நிலக்கரிச் சுரங்க ஊர்தி விபத்துகள்

நிலத்தடி நிலக்கரிச் சுரங்க ஊர்தி விபத்துகள் என்பவை, நிலத்தடியில் நிலக்கரியை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் தொழிலாளரைக் கொண்டு செல்லவும் பயன்படும் ஊர்திகளாலும் நகரும் பொறிகளாலும் நேரும் விபத்துகள் ஆகும். வளிம வெடிப்பு ஒரே நேரத்தில் பலரைக் கொல்வதால் உலகச் செய்தியாகிறது. ஊர்தி விபத்தில் பெரும்பாலும் ஒருவரே இறப்பதால் அது சுரங்கப் பகுதிக்கு வெளியே அதிகம் அறியப்படுவதில்லை.

தண்டவாள ஊர்திகள்

ஆள் ஏற்றும் சுரங்கத் தொடர்வண்டிகள் இதற்கு விதிவிலக்கு. இங்கிலாந்தின் யார்க்சயரில், 1966 பெப்ரவரி 3 அன்று சில்வர்வுட் சுரங்கத்தில் நேர்ந்த இத்தகைய விபத்தில் 10 பேர் இறந்தனர். 1978 நவம்பர் 21 அன்று பென்ட்லி சுரங்கத்தில் சரிவில் கட்டுப்பாட்டை இழந்து ஓடிய வண்டியால் 7 பேர் இறந்தனர்.

அறை-தூண் சுரங்கங்கள்

அமெரிக்காவில் பரவலாக உள்ள அறை-தூண் முறையில், கூரையைத் தாங்க நிலக்கரித் தூண்களை விட்டுவிட்டு இடைப்பட்ட பகுதி வெட்டப்படுகிறது. வெட்டிய கரியை 'ஷட்டில் கார்' எனும் தாழ்வான மின் ஊர்தி ஏற்றிச் செல்கிறது. இது திரும்பாமலேயே இரு திசைகளிலும் ஓடும். ஓட்டுநர் ஒரு பக்கத்தில் தாழ அமர்ந்திருப்பதால், குவிந்த கரி மறுபக்கத்தை முற்றிலும் மறைத்துவிடும். காற்றோட்டத்திற்காகத் தொங்கவிடப்படும் திரைகளுக்கு அப்பால் நிற்பவரும் தென்படமாட்டார். கரிப்படுகை தாழ்வாக உள்ள இடங்களில் தொழிலாளர் குனிந்தோ தவழ்ந்தோ செல்வதால் விரைந்து விலகவும் இயலாது.

கரியை வெட்டும் தொடர் அகழ்பொறியின் வரலாறு சற்று முரணானது. தொலைக்கட்டுப்பாடு வந்தபின், தாங்கமைக்கப்படாத கூரையின் கீழ் இயக்குநர் செல்லவேண்டிய தேவை நீங்கியது. ஆனால் பொறியின் மேல் அமர்ந்திருந்தவர் அதன் அருகே நடப்பவரானார். பொறி திரும்பும்போது அதற்கும் சுவருக்கும் இடையே சிக்கி நசுங்கும் ஆபத்து உருவாயிற்று. இப்பகுதி 'சிவப்பு வலயம்' எனப்படுகிறது. அங்கு நிற்கக்கூடாது என்பது பயிற்சியில் கற்பிக்கப்பட்டபோதும், 1984 முதல் 2014 வரை அமெரிக்காவில் இவ்வகை விபத்துகளில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களுள் அனுபவம் மிக்க இயக்குநர்களும் அடங்குவர் என்பதால், பயிற்சி மட்டும் போதாது என்பது தெளிவு.

அண்மை உணர் கருவிகள்

இக்கருவி பொறியைச் சுற்றிக் காந்தப்புலத்தை உருவாக்குகிறது. தொழிலாளர் அணிந்துள்ள சிறு உணரி அப்புலத்திற்குள் வந்தால் முதலில் ஒலி, ஒளி எச்சரிக்கை எழும். மேலும் நெருங்கினால் பொறி தானாகவே நிற்கும். அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்பு, நல்வாழ்வு நிர்வாகம் 2015 சனவரியில், முழுமுக அகழ்பொறிகள் நீங்கலான தொடர் அகழ்பொறிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த பொறிகளுக்கு 2018 மார்ச்சு வரை படிப்படியாக அவகாசம் தரப்பட்டது. ஷட்டில் கார் போன்ற கரி ஏற்றும் ஊர்திகள் இவ்விதியில் அடங்கவில்லை. அவற்றுக்கான தனி விதி 2015 செப்டம்பரில் முன்மொழியப்பட்டது.

தொழிலாளர் அணியும் தூசி அளவிகள் போன்ற மின்னணுக் கருவிகளின் மின்காந்த இடையூறு உணரியைச் செயலிழக்கச் செய்யக்கூடும். ஆகவே இரண்டையும் உடலில் ஒன்றுக்கொன்று தள்ளி அணிய வேண்டும்.