உலோகம் பிழிந்த வரலாறு

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாட் காலையிலே திருக்கோணமலையின் மேற் பறந்துவந்த யப்பானிய விமானங்களைப் பற்றி நம்மூரிற் பேசாதார் இலர். சீனன்குடாத் தளத்திலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தமையும், யப்பானிய விமானமொன்று எண்ணெய்த் தாங்கியொன்றின் மேல் வீழ்ந்து அது பற்றியெரிந்தமையும், அத்தாங்கியின் எச்சம் இன்றுங் காணக்கிடப்பதும் பலரும் அறிந்தவை. அவ்விமானங்கள் எவ்வுலோகத்தால் ஆக்கப்பட்டன என வினவினோர் மிகச் சிலரே. போர் வரலாறு எழுதுவோர் தளபதிகளின் பெயரைப் பேணுவர், பட்டறையை மறந்துவிடுவர்.

அன்று வந்தவற்றுள் 'சீரோ' எனப்பட்ட சண்டை விமானமும் ஒன்று. அதன் இறக்கையைத் தாங்கிய முதன்மை உத்தரம், 1936இல் யப்பானின் சுமித்தோமோ நிறுவனத்தில் இகராசி என்னும் ஆய்வாளர் உருவாக்கிய கலப்புலோகத்தாலானது. அலுமினியத்தோடு நாகம், மகனீசியம், செம்பு முதலியன சேர்ந்த அக்கலவை, வார்க்கப்பட்டதுமன்று, தட்டி நீட்டப்பட்டதுமன்று, அச்சினூடாகப் பிழியப்பட்டது.

பிழிதல் என்றதும் நம் வீட்டு இடியாப்ப உரல் நினைவில் எழும். அவ்வொப்புமை விளையாட்டன்று, தத்துவம் முற்றும் அதுவே. குழைத்த மாவின் இடத்திலே சூடாக்கிய உருளைப் பாளம். தொழிலாளர் இதனைப் 'பில்லெற்' என்பர். கையழுத்தத்தின் இடத்திலே நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தொன் விசை தரும் நீரியல் அமுக்கி. துளைத்தட்டின் இடத்திலே கடினவுருக்கு அச்சு. மா இளகாதாயின் உரல் பிழியாது; மிக இளகின் இழை நில்லாது. உலோகத்துக்கும் இந்நியதியே.

இம்முறை முதலில் ஈயத்துக்கே கைவந்தது. யோசேப்பு பிராமா என்னும் ஆங்கிலேயர் 1797இல் ஈயக்குழாய் பிழியும் பொறிக்கு உரிமை பெற்றார். நம் மாணவர் பௌதிக நூலிற் படிக்கும் 'பிராமாவின் அமுக்கி'க்கு உரியவரும் அவரே. 1820இல் தொமசு பேர் என்பார் நீரியல் விசையை அத்தொழிலுக்குப் பயன்படுத்தினார். ஈயம் மெல்லியது, ஆதலின் இவ்வளவு எளிதாயிற்று. பித்தளையைச் சூடாக்கிப் பிழிவதற்கு 1894இல் அலெக்சாந்தர் டிக் வழி கண்டார். அலுமினியமோ 1886இல் ஓல், எரூ என்னும் இருவர் தனித்தனியே மின்பகுப்பு முறையைக் கண்ட பின்னரே மலிவான பொருளாயிற்று. அதன் பின் வானூர்தி வந்தது. பிழிவுப் பொறியின் வளர்ச்சி விரைந்தது.

போர் முடிந்ததும் வல்லரசுகள் இதன் பெறுமதியை நன்குணர்ந்தன. 1950இல் அமெரிக்க வான்படை தொடங்கிய பேரமுக்கித் திட்டத்தில் அமைந்த பத்துப் பொறிகளுள் ஆறு பிழிவுப் பொறிகள். இதற்கு முன்னரே, போர்க்காலத்தில் 1943இல், திருவிதாங்கூரின் ஆலுவாயை அடுத்து இந்திய அலுமினியக் கம்பனியின் உருக்காலை இயங்கத் தொடங்கியிருந்தது.

பொறி பெரிதாயிருப்பதனால் மட்டும் தொழில் சிறப்பதில்லை. யன்னற் சட்டங்களுக்குரிய மகனீசிய-சிலிக்கன் கலவையை எடுத்துக்கொள்வோம். பாளத்தை ஏறத்தாழ 430 முதல் 480 பாகை செல்சியசு வரை சூடாக்கி, அதனிலுஞ் சற்றுக் குறைந்த வெப்பமுடைய கொள்கலத்தில் இடுவர். பிழியும்போது உருமாற்றத்தினாலேயே மேலும் வெப்பம் பிறக்கும். வெளிவரும் சட்டம் 500 பாகையைக் கடந்தாலன்றிக் கலப்புப் பொருள்கள் நன்கு கரையா. பின்னர் வன்மையும் வாராது. மிகக் கடந்தாலோ மேற்பரப்பு கிழியும். எனவே விரைவை மட்டுங் கூட்டி விளைவைக் கூட்ட நினைப்பவன் கழிவையே கூட்டுவான். தேர்ந்தவன் பாளத்தின் வெப்பத்தை முதலிற் சீராக்கி அதன் பின்னரே விரைவை உயர்த்துவான். பொறி உலோகத்தைப் பிழியாது வாளாவிருக்கும் இடைநேரத்தைச் சுருக்குதலும், அச்சை முன்னரே சூடாக்கி ஆயத்தமாய் வைத்தலும் அதனினும் நற்பயன் தரும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. பாளத்தின் புறத்தே படிந்த ஒட்சைட்டுத் தோல் பின்தங்கி இறுதிப் பகுதியிற் சேரும். ஆகவே கடைசித் துண்டைப் பிழியாது வெட்டி ஒதுக்குவர். சிக்கனம் கருதி அதனையும் பிழிந்தால் அத்தோல் சட்டத்தினுள்ளே புகுந்து அதனை வலுவிழக்கச் செய்யும். ஒதுக்கிய துண்டு வீணாவதுமில்லை. மீள உருக்குவதற்குத் தாதுவிலிருந்து அலுமினியம் பெறச் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே போதும். சிக்கனத்துக்கும் உலோபித்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாய்க் காட்டும் தொழிலை யான் கண்டிலேன்.

இலங்கையிலே அலுமினிய உருக்காலை இல்லை. ஆயினும் பிழிவுத் தொழில் மேல் மாகாணத்தில் வேரூன்றியுள்ளது. அலுமெக்ஸ் நிறுவனம் 1986இல் அமைந்தது. உலகின் ஆழமிக்க இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கொண்ட நம் மாவட்டத்திலோ கதை வேறு. புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலைப் பிரித்தெடுக்க 1957இல் கூட்டுத்தாபனம் அமைந்தது. அங்கே கிடைக்கும் இல்மனைற் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிற்று; தொடக்க காலத்தில் அதனை வாங்கியோருள் யப்பானியரும் இருந்தனர். அவ்வில்மனைற்றிலிருந்து பெறப்படுவது தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடி. நம் புதிய வீடுகளின் அலுமினிய யன்னற் சட்டங்களுக்கு வெண்மை தரும் பூச்சில் அப்பொடியே உள்ளது. அதனை நாம் பிறநாட்டாரிடம் விலை கொடுத்து வாங்குகின்றோம்.