எலுமிச்சைக் கடைக்காரரின் குரல்: தொடக்க வகுப்பில் பல்லூடக ஆக்கமும் தமிழின் இரட்டை வழக்கும்

தமிழ்நாட்டின் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு அண்மை ஆண்டுகளில் வந்து சேர்ந்த ஊடக வசதிகள் கொஞ்சமல்ல. 2018இல் வெளிவரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. 2024இல் தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு டேப்லெட்டும் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறையும் தரப்பட்டன. இவை எல்லாவற்றிலும் பெரும்பாலும் பிள்ளைக்கு ஒதுக்கப்பட்ட வேலை பார்ப்பதும் கேட்பதும்தான். டேப்லெட்டோ மதிப்பீட்டு விவரங்களைப் பதிவேற்றும் கருவியாகச் சுருங்கிவிட்டது என்று ஆசிரியர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கருவியில் ஒலிப்பதிவு வசதியும் இருக்கிறது. தமிழ் படிக்கும் பிள்ளைக்கு வேறு எதையும்விட அதுவே முதலில் பயன்படும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிள்ளையின் கையில் ஆக்கத்தை ஒப்படைப்பது நமக்குப் புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்த செயல்வழிக் கற்றலை நினைவுகூர வேண்டும். ரிஷிவேலிப் பள்ளியின் கற்றல் ஏணி முறையிலிருந்து கிளைத்த திட்டம் அது. ஏணியும் அட்டைகளும் பலருக்கு நினைவிருக்கும். அவற்றைவிட முக்கியமானவை சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளே எழுதிய தாழ்மட்டக் கரும்பலகையும், அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் தலைக்கு மேல் தொங்கவிட்ட கம்பிப் பந்தலும். வகுப்பறையில் பிள்ளைகளின் படைப்புக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கம்பியில் இருந்தது. பிறகு வந்த திரைகளில் அது இல்லை. பிரான்சில் செலஸ்தென் ஃப்ரெனே 1920களில் சிறு அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, பிள்ளைகள் எழுதியதை அவர்களையே அச்சுக் கோக்க வைத்து, வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பச் செய்ததும் இதே வழியில்தான். 

ஒலிப்பதிவைக் கொண்டு இத்தகைய ஆக்கம் எப்படி அமையலாம் என்று பார்க்க, மாங்காட்டை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் வட்டத்தில், பூந்தமல்லிக்கு அருகே இருக்கும் இவ்வூர் 2021இல் நகராட்சியானது. காமாட்சியம்மனுக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் தொடர்ந்து வந்து வழிபடுவது இங்கே வழக்கம். ஆகவே கோயிலைச் சுற்றி எலுமிச்சை விற்பவர்களுக்குக் குறைவில்லை. இந்தச் சூழலை வைத்து நான்காம் வகுப்புக்கு ஒரு பாடத்தை வகுத்துப் பார்க்கலாம். நாலைந்து பிள்ளைகள் கொண்ட குழு ஆசிரியரோடு போய்ப் பழக்காரர் ஒருவரிடம் பேசிப் பதிவுசெய்கிறது. பழம் எங்கிருந்து வருகிறது, வெயில் காலத்தில் விலை ஏன் ஏறுகிறது, மீந்த பழம் என்ன ஆகிறது என்பவை கேள்விகள். இரண்டு மூன்று நிமிடப் பதிவு போதும். நீண்டால் வகுப்பறையில் கையாள முடியாது.

பாடத்தின் உயிர் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத வேண்டும். பழக்காரர் 'வெயிலு வந்துச்சின்னா பயம் வெல ஏறிடும்மா' என்று சொல்லியிருப்பார். அதை எப்படி எழுதுவது? ஒரு பிள்ளை 'பயம்' என்று எழுதும். இன்னொன்று 'பழம்' என்று திருத்தும். அச்சத்தைக் குறிக்கும் சொல்லாகிவிடுமே என்று மூன்றாவது சிரிக்கும். சென்னை வட்டாரத்தில் ழகரம் யகரமாவதைப் பற்றி ஆசிரியர் விரிவுரை நிகழ்த்த வேண்டியதில்லை. காதில் விழுந்ததும் பாடநூலில் உள்ளதும் வேறுவேறு என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடுகிறது. பிறகு அதே செய்தியை எழுத்து வழக்கில், 'வெயில் காலம் வந்தால் எலுமிச்சம்பழத்தின் விலை ஏறிவிடும்' என்று தொகுப்புரையாக எழுதித் தன் குரலில் படித்துப் பதிவுசெய்கிறது. பழக்காரர் பேச்சு, பிள்ளையின் உரை, நாலைந்து ஓவியம் ஆகியவற்றை வரிசைப்படுத்தினால் ஆக்கம் முடிந்தது.

இதில் ஒலிக்கு நான் தரும் முதலிடம் சிக்கனம் கருதி மட்டும் அல்ல. வீட்டில் பேசும் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவை ஆறு வயதுப் பிள்ளை தனியாகக் கடக்கிறது. பாடநூல் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பேச்சு வழக்கைப் பிழையென்று ஒதுக்கும் ஆசிரியர்களும் உண்டு. ஒலிப்பதிவு இரண்டு வழக்குகளையும் ஒரே மேசையில் வைக்கிறது. பழக்காரர் பேச்சை யாரும் திருத்தப் போவதில்லை, அது சான்று. தொகுப்புரையைத் திருத்தியாக வேண்டும், அது கட்டுரை. எங்கே எப்படிப் பேசுவது என்ற பாகுபாடு இப்படி உறைப்பது போல இலக்கணப் பயிற்சியால் உறைக்காது. வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் பயன் இன்னும் கூடுகிறது. அவர்கள் தெருவில் கேட்கும் தமிழ் ஒன்று, பள்ளியில் படிக்கும் தமிழ் வேறொன்று என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதே இல்லை.

தன் குரலைத் தானே கேட்பதிலும் ஒரு பயன் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது பிள்ளையின் கவனம் முழுவதும் எழுத்திலேயே போய்விடும். எங்கே நிறுத்தினோம், எந்தச் சொல்லை விழுங்கினோம் என்று தெரியாது. பதிவைக் கேட்கும்போது தெரிகிறது. 'மறுபடி படிக்கிறேன் மிஸ்' என்று அதுவே கேட்கும். ஆசிரியர் பத்து முறை சொல்லியும் நடக்காத மறுவாசிப்பு அது.

காணொளியையும் அசைவூட்டத்தையும் ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்று கேட்கலாம். ரிச்சர்ட் மேயர் முதலானோரின் பல்லூடக ஆய்வுகள், பாடத்தோடு ஒட்டாத இசையும் அலங்காரமும் கற்றலைக் குறைக்கின்றன என்று காட்டியிருக்கின்றன. ஆக்கத்திலும் அந்த ஆபத்து உண்டு. எழுத்து எந்த நிறத்தில் வரவேண்டும், பின்னணியில் எந்தப் பாட்டு என்பதிலேயே இரண்டு பாடவேளை போய்விடும். முடிவில் கிடைப்பது ஆண்டுவிழாவில் போட்டுக் காட்ட ஒரு படம். அதிலும் பாதி ஆசிரியர் கைவேலையாக இருக்கும்.

ஈராசிரியர் பள்ளியில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓடும் ஆசிரியரிடம் இன்னொரு திட்டத்தை நீட்டுவது அநியாயம். எனவே இதைத் தனித் திட்டமாக்கக் கூடாது. மொழிப்பாடத்தின் கட்டுரைப் பயிற்சிக்கு மாற்றாக, பருவத்துக்கு ஒன்று என்று வைத்தால் போதும். மதிப்பீட்டுக்குப் புதிய படிவமும் வேண்டாம். பருவத் தொடக்கத்தில் ஒரு வாசிப்புப் பதிவு, முடிவில் ஒன்று, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தேர்ச்சி தெரிந்துவிடும்.

தனியுரிமைப் பக்கமும் ஒலிக்கே சாதகமாக இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. பிள்ளைகளின் முகத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் பள்ளிகளில் வேரூன்றியிருக்கும் நிலையில், முகமே இல்லாத பதிவு எவ்வளவோ மேல். குரலும் தனிநபர் தரவுதான் என்பதால் அதுவும் பள்ளிக்கு வெளியே போகாமல் இருப்பது நல்லது. பழக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கித்தான் பதிவுசெய்ய வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவரையும் அழைத்துப் போட்டுக் காட்டலாம். விலை ஏற்றத்துக்குப் பிள்ளைகள் எழுதிய காரணம் தவறென்றால் அங்கேயே அவர் சொல்லிவிடுவார்.