வென்லாக் விளையாட்டு விழாவும் நமது இளைஞரும்

நமது சங்கக் கூட்டங்களில் கல்வி நிதியைப் பற்றியும் திருமணச் செலவைக் குறைத்தலைப் பற்றியும் பேசாத ஆண்டு இல்லை. இளைஞரின் விளையாட்டைப் பற்றிப் பேசிய ஆண்டுகளோ மிகச் சிலவே. இப்பொழுது ஆண்டுதோறும் இளைஞர் விளையாட்டு விழாவொன்று நடத்தல் வேண்டும் என்னும் விருப்பம் அன்பர் பலரிடையே எழுந்திருப்பது மகிழ்தற்குரியது. விழா என்றவுடன் பந்தலும் ஒலிபெருக்கியும் தலைமையுரையும் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும் அவ்விழாவின் உயிர் யாது, அதில் ஓடுதற்கு உரிமை யாருக்கு உண்டு என்னும் இரண்டு கேள்விகளுக்குப் பந்தற்கால் நடுமுன்னரே விடை காணுதல் நலம். இதன்பொருட்டு, சற்றேறக்குறைய 175 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் ஒரு வைத்தியர் தொடங்கிவைத்த விழாவின் சரித்திரத்தை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஊரும் வைத்தியரும்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஷ்ராப்ஷைர் ஜில்லாவில் மச் வென்லாக் என்பது ஒரு சிறு சந்தையூர். சுற்றிலும் உழவு நிலங்கள். அருகே சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகள். அவ்வூரில் வைத்தியர் ஒருவரின் மகனாக 1809-ஆம் ஆண்டு பிறந்தவர் வில்லியம் பென்னி புரூக்ஸ். அவர் லண்டனிலும் பாரிஸிலும் இத்தாலிய தேசத்துப் பாதுவா நகரிலும் வைத்தியம் பயின்றார். தந்தையார் காலமானதும் 1831-இல் ஊர் திரும்பி அவருடைய தொழிலை மேற்கொண்டார். பின்னர் அவ்வட்டாரத்தின் மாஜிஸ்திரேட்டாகவும் விளங்கினார். நோயாளியின் கட்டிலருகே ஒருபுறமும், நியாயஸ்தலத்தில் மற்றொருபுறமுமாக, உழைப்பாளி மக்களின் குறைகளை அவர் கண்ணாரக் கண்டார்.

அவர் முதலிற் செய்தது விளையாட்டு விழாவன்று. 1841-ஆம் ஆண்டு உழவரும் தொழிலாளரும் நூல்களை எடுத்துச் சென்று படித்தற்கென ஒரு வாசகசாலைச் சங்கத்தை நிறுவினார். அறிவை வளர்த்தற்கு இடம் கண்ட பின்னரே உடலை வளர்த்தற்கு வழி தேடினார். 1850-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அச்சங்கத்தினுள்ளேயே 'ஒலிம்பியன் பிரிவு' என ஒரு பிரிவு தோன்றிற்று. பண்டைக் கிரேக்கரின் விளையாட்டு விழாவை நினைவூட்டும் பெயர் அது. ஊராரின், சிறப்பாகத் தொழிலாளரின், உடல் நலமும் ஒழுக்கமும் அறிவும் ஒருங்கே ஓங்கச் செய்தலே அதன் நோக்கமாம். இம்மூன்றையும் அவர் பிரித்து வையாமை கருதத்தக்கது.

முதல் விழா

1850-ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 ஆகிய இரு நாட்களில் முதல் விழா நடைபெற்றது. கிரிக்கெட்டும் கால்பந்தும் வளையமெறிதலும் இருந்தன. ஓட்டமும் தாண்டுதலும் இருந்தன. பின்வந்த ஆண்டுகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு தள்ளுவண்டி தள்ளும் பந்தயம் போன்ற வேடிக்கைகளும் சேர்ந்தன. ஓராண்டில் மூதாட்டியர்க்கென ஓர் ஓட்டம் வைத்து, வென்றவர்க்கு ஒரு ராத்தல் தேயிலை பரிசாக அளித்தனராம்! சிரிப்பையும் விழாவிற்குள் அழைத்துக்கொண்டமையால் ஊரே அதனைத் தன் விழாவாகக் கொண்டது.

விழா நாளில் தெருக்கள் அலங்கரிக்கப்பெறும். வாத்தியக் கோஷ்டி முன்செல்ல, கொடி பிடித்தோரும் விழா அதிகாரிகளும் போட்டியாளரும் ஊர்வலமாகக் களத்திற்குச் செல்வர். நமது ஊர்களில் தேர்த்திருவிழாவைக் கண்டவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. 1858 முதல் குதிரையேறிய வீரர், ஓடும் வேகத்திலேயே தொங்கும் சிறு வளையத்தை ஈட்டி முனையிற் கோத்தெடுக்கும் போட்டி விழாவின் முடிமணியாயிற்று. வென்றவன் தலையில் இலைமுடி சூட்டினர். நம் முன்னோர் வெற்றிக்கு அடையாளமாக வாகை சூடியதை இது நினைவூட்டுகின்றது.

இவ்விழாவில் பரிசு ஓடுவோர்க்கு மட்டுமே உரியதன்று. எழுத்துக்கூட்டல், கணக்கு, சரித்திரம், கட்டுரை, பின்னல் வேலை ஆகியவற்றிலும் பரிசுகள் உண்டு. ஓடத் தெரியாத சிறுவனும் ஊசி பிடிக்கும் சிறுமியும் விழாவிற்குப் புறம்பானவரல்லர் என்பதே இதன் கருத்து.

புரூக்ஸ் ஆண்டுக்கு ஒரு நாளோடு நின்றாரில்லை. பள்ளிகளில் தேகப்பயிற்சியைப் பாடமாக்க வேண்டுமென்று பல்லாண்டு அரசாங்கத்தாரை வற்புறுத்தினார். தம் ஊர்ப் பள்ளியில் ஒரு சாரார்க்கு டிரில் மட்டும் கற்பித்தும், மற்றொரு சாரார்க்கு அதனோடு கர்லாக்கட்டை முதலிய பயிற்சிகளையும் அளித்தும், இரு சாராரின் மார்பளவையும் அளந்து ஒப்பிட்டுக் காட்டினார். 'இந்தியக் கட்டை' என ஆங்கிலேயர் அழைத்த அக்கருவி நம் நாட்டிலிருந்து சென்றதென்பது நமக்கு உவகை தருவதாம்.

கதவை அடைத்தோர்

நல்ல காரியம் தடையின்றி நடப்பதில்லை. கருத்து வேறுபாடு காரணமாக 1860-இல் ஒலிம்பியன் பிரிவு வாசகசாலைச் சங்கத்தினின்றும் பிரிந்து தனிச் சங்கமாயிற்று. 1861-இல் ஜில்லா முழுமைக்குமான விழா எழுந்தது. 1865-இல் லிவர்பூல் நகரில் ஜான் ஹல்லி, ராவன்ஸ்டைன் என்பாரோடு கூடிப் புரூக்ஸ் தேசிய ஒலிம்பியன் சங்கத்தை நிறுவினார். போட்டிகள் வருவோர் யாவர்க்கும் உரியன என்பது அதன் தலையாய விதி. அடுத்த ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பாலஸில் நடந்த அதன் விழாவிற்குப் பதினாயிரம் பேர் திரண்டனர். பின்னாளில் கிரிக்கெட்டில் பெரும் புகழ் பெற்ற டபிள்யூ. ஜி. கிரேஸ், அப்பொழுது 18 வயது இளைஞர். நடந்துகொண்டிருந்த ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் 224 ஓட்டங்கள் குவித்தபின், விடை பெற்று வந்து இவ்விழாவின் தடைதாண்டி ஓட்டத்தில் வென்றார்.

இதே 1866-இல் லண்டனில் கனவான்கள் சிலர் கூடி அமெச்சூர் அத்லெடிக் கிளப் என ஒன்றை அமைத்தனர். பல்கலைக்கழகங்களிற் பயின்ற மேன்மக்களுக்கு உரியது அக்கழகம். சிறிது காலத்திற்குள் அவர்கள் இயற்றிய விதி, கைத்தொழிலாளரும் கூலியாளரும் அமெச்சூர் ஆகார் என விலக்கி வைத்தது. பணத்திற்காக ஆடுவோரை விலக்குதற்கேனும் ஒரு காரணம் கூறலாம். கொல்லனையும் தச்சனையும் அவன் செய்யும் தொழிலுக்காகவே விலக்குதற்கு என்ன காரணம் கூறுவது? உழைத்து வலுப்பெற்ற கையோடு போட்டியிட்டுத் தோற்றல் கூடும் என்னும் அச்சமன்றி வேறொன்றும் நமக்குத் தோன்றவில்லை.

பொருள் வளமும் செல்வாக்கும் கனவான்கள் பக்கமிருந்தன. தேசிய ஒலிம்பியன் சங்கம் தளர்ந்தது. அதன் விழாக்கள் 1883-ஆம் ஆண்டோடு நின்றன. எனினும் அது முழங்கிய கொள்கை நிற்கவில்லை. 1880-இல் ஆக்ஸ்போர்டில் அமைந்த அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன், தொழிலாளரை விலக்கும் விதியைக் கைவிட்டது. படகோட்டுவோரிடையே மட்டும் அவ்விழுக்கு நெடுநாள் நிலைத்தது. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் செல்லும் வழியில் இங்கிலாந்து வந்த ஆஸ்திரேலியப் படகுக் குழுவினர், போலீஸ் உத்தியோகத்தர் என்னும் காரணத்தால் ஹென்லி படகுப் போட்டியிற் சேர்க்கப்பெறவில்லை. அந்நிகழ்ச்சி நாணத்தை விளைவிக்க, மறு ஆண்டே விதி மாற்றப்பெற்றது.

நம் நாட்டின் கதை

பிறர் இழுக்கைக் கூறுங்கால் நம் இழுக்கை மறைத்தல் நேர்மையாகாது. இங்கிலாந்தில் தொழிலின் பெயரால் அடைத்த கதவை, நம் நாட்டிற் பிறப்பின் பெயரால் அடைத்தோம். சருமத் தொழில் செய்யும் குலத்திற் பிறந்த பல்வாங்கர் பாலு, பூனாவில் ஐரோப்பியர் கிளப்பின் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையிலிருந்தவர். அங்குள்ள ஐரோப்பியர்க்குப் பந்தெறிந்து எறிந்தே இடக்கைப் பந்துவீச்சில் ஒப்பற்ற தேர்ச்சி பெற்றார். ஐரோப்பியரை வெல்ல வேண்டுமென்னும் ஆவலால் பூனா இந்துக்கள் அவரைத் தம் குழுவிற் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை யாவரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ, அவருக்குக் கூடத்திற்கு வெளியே, எறிந்துவிடத்தக்க மண் குவளையில் தேநீர் வழங்கினர்! 1911-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவில் 114 விக்கெட்டுகளை வீழ்த்திய அவ்வீரர்க்கு, இந்துக் குழுவின் தலைமை ஒருநாளும் கிட்டவில்லை. 1923-இல் அவருடைய தம்பி விட்டல் அத்தலைமையைப் பெற்றார். பந்து குலம் பாராது, பார்த்தவர் மனிதரே.

விதை மரமான விதம்

மீண்டும் வென்லாக்கிற்கு வருவோம். புரூக்ஸின் பார்வை தம் ஊர் எல்லையோடு நிற்கவில்லை. 1859-ஆம் ஆண்டு கிரேக்க வள்ளல் ஸாப்பாஸின் பொருளுதவியால் ஏதென்ஸில் விழா நடந்தபொழுது, வென்லாக்கிலிருந்து 10 பவுன் பரிசுத் தொகை சென்றது. 1877-இல் கிரேக்க அரசர் முதலாம் ஜார்ஜ், ஷ்ரூஸ்பரி விழாவிற்கு ஒரு வெள்ளிக் கலசம் அனுப்பிச் சிறப்பித்தார். உலக நாடுகள் யாவும் கூடும் விழா ஏதென்ஸில் நடைபெறல் வேண்டுமென்று புரூக்ஸ் இடையறாது எழுதி வந்தார்.

1890-ஆம் ஆண்டு அக்டோபரில், 81 வயது முதியவரான புரூக்ஸின் அழைப்பை ஏற்று, 27 வயதுடைய பியர் தெ கூபர்தேன் என்னும் பிரெஞ்சு இளைஞர் வென்லாக்கிற்கு வந்தார். அவர்பொருட்டே விழா ஒன்று நடத்தப்பெற்றது. களத்தில் ஓர் ஓக் மரக்கன்றும் நடப்பெற்றது. பிரான்ஸ் திரும்பிய இளைஞர், ஒலிம்பிக் விழாவைக் கிரேக்கர் உயிர்ப்பிக்கவில்லையாயினும் அதன் உயிரைக் காத்தவர் புரூக்ஸே என்னும் கருத்துப்பட எழுதினார். 1894-இல் பாரிஸில் கூபர்தேன் கூட்டிய மாநாட்டிற்கு, நோயின் காரணமாக முதியவரால் செல்ல இயலவில்லை. 1896-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் விழா தொடங்கியது. அதற்கு நான்கு திங்களுக்கு முன், 1895 டிசம்பரில், புரூக்ஸ் விண்ணுலகெய்தினார். தாம் நட்ட மரத்தின் கனியை அவர் காணவில்லை. 1994-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் சமராஞ்ச் நேரில் வந்து அவர் கல்லறையில் மலர் வளையம் வைத்து வணங்கினார். வென்லாக்கில் அவ்விழா இன்றும் நடைபெற்று வருகின்றது.

நாம் கொள்ளத்தக்கவை

இச்சரித்திரத்தினின்றும் நாம் அறிவன சில. விழா தனி மனிதரின் ஆர்வத்தோடு அழியாவண்ணம் அதற்கென ஒரு நிலைத்த குழு வேண்டும். பெரிய நன்கொடையாளர் ஒருவரையே நம்பாது, பலர் தரும் சிறுதொகையால் அது நடத்தல் வேண்டும். வயதுக்கேற்ற பிரிவுகள் வேண்டும். பெண்மக்களுக்கும் சமமான போட்டிகள் வேண்டும். கட்டுரைக்கும் கைத்தொழிலுக்கும் பரிசு வேண்டும். நடுவராக அமர்வோர், ஓடுவோர் எவர்க்கும் உறவினராகாதிருத்தல் நன்று. தலைவரின் பேரன் ஓடினும் கோட்டிற்கு முன் காலெடுத்தால் திருப்பி நிறுத்தும் துணிவு நடுவர்க்கு வேண்டும். சிறுவர் நேர்மையைக் கற்பது நம் சொற்பொழிவினால் அன்று. அந்த ஒரு கணத்தினால்.

எல்லாவற்றினும் மேலான கேள்வி ஒன்று எஞ்சியுள்ளது. நம் சங்கப் பொருளால் நடைபெறும் விழாவில் நம் குலத்துப் பிள்ளைகள் மட்டுமே கலந்துகொள்ளல் வேண்டும் என்பர் நம் பெரியோர் சிலர். அவர்கள் கருத்தை நாம் இகழவில்லை. கல்வி உதவித்தொகையை நம்மவர்க்கு என ஒதுக்குவதற்கு நியாயம் உண்டு. அது தேவை நோக்கி அளிக்கும் உதவி. பந்தயப் பரிசோ உதவியன்று. வென்றவன் ஈட்டிய உரிமை. அடுத்த தெருப் பையனைக் களத்திற்கு வெளியே நிறுத்திவிட்டு நம் பையன் முதலாவதாக வந்தால், அவன் யாரை வென்றான்? வேலிக்கு அப்பால் நின்று பார்க்கும் அச்சிறுவனை விட வேகமாக ஓடக் கூடுமா என்னும் ஐயம், பரிசுக் கோப்பையோடு அவன் வீட்டிற்கும் போகுமன்றோ? லண்டன் கனவான்கள் தொழிலாளரை விலக்கிப் பெற்ற பதக்கங்களுக்கு இன்று மதிப்பில்லை. சிற்றூர் வைத்தியர் யாவர்க்கும் திறந்த களத்திற்கோ உலகம் தலைவணங்குகின்றது.

ஆதலின், விழாவைச் சங்கம் நடத்துக. செலவைச் சங்கம் ஏற்க. பெருமையும் சங்கத்திற்கே ஆகுக. களம் மட்டும் ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் பொதுவாகுக. தண்ணீர்ப் பந்தலில் ஒரே வரிசையும் ஒரே குவளையும் இருக்க. நம் பிள்ளைகள் தோற்பின் வென்றவன் கையைப் பற்றி வாழ்த்தக் கற்பர். வெல்லின், அவ்வெற்றியை எவர் முன்னும் நிமிர்ந்து கூறுவர். சங்கத்தார் இதனை ஆராய்ந்து, வரும் பொதுக்கூட்டத்திலேயே தக்கதொரு தீர்மானம் நிறைவேற்றுவாராக.