தறி வீட்டில், தராசு கடையில்

வீட்டிலிருந்து வேலை என்றதும் 2020 ஊரடங்குதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு போன்ற பட்டு நெசவு ஊர்களுக்கு இது தலைமுறைப் பழக்கம். கணக்கும் தராசும் முதலாளி கடையில்; தறி நெசவாளர் வீட்டில். விலை உயர்ந்த பட்டையும் ஜரிகையையும் பிறர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் எப்படித் தூங்குவது?

விடை தராசில் இருந்தது. வேலைக்கு வேண்டிய பாவு, ஊடை, ஜரிகை மட்டும் எடை போட்டுத் தருவார்கள். சேலை திரும்பியதும் மறுபடி எடை. ஆனால் எடையைப் புரிந்துகொள்ளவும் வேண்டும். கச்சாப் பட்டின் பசையை நீக்கினால் ஏறக்குறைய கால் பங்கு எடை போய்விடும். இது தெரியாத முதலாளிக்கு நேர்மையான சாயக்காரரும் திருடராகத் தெரிவார்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. வீட்டில் கம்பளி நூல் நூற்பவர்கள் அளவைக் குறைக்கிறார்கள் என்று 1777-ல் சட்டம் போட்டு ஆய்வாளர்களை வைத்தார்கள். நூற்றவர்கள், பெரும்பாலும் ஏழைப் பெண்கள், தண்டனைக்கு ஆளானார்கள். ஆட்களைக் கண்காணிக்கவே தொழிற்சாலை வந்தது என்று 1974-ல் ஸ்டீபன் மார்க்லின் என்ற பொருளாதார அறிஞர் வாதிட்டார்.

இன்று வீட்டுக்குப் போவது கணினிக் கோப்புகள். நூலைத் திருடினால் எடை குறையும். கோப்பை நகலெடுத்தால் எதுவும் குறையாது. எனவே தராசு போதாது. வேலைக்குத் தேவையானதை மட்டும் கொடுப்பது, யாரிடம் எது போனது என்று எழுதுவது, முடிந்ததும் அனுமதியைத் திரும்பப் பெறுவது: இவைதான் காவல். அலுவலகத்தில் இருப்பவருக்கும் இதே விதி வேண்டும். சரியான கணக்கு முதலாளியின் பொருளை மட்டுமல்ல, தொழிலாளியின் மானத்தையும் காக்கும்.