கடற்கரையில் 700 கட்டில்கள்: ஸ்டார்ம் தார்கர்சன்

ஐடி கம்பெனி கேன்டீனில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும். கறுப்பு டி-ஷர்ட், நடுவில் ஒரு முக்கோணம், அதிலிருந்து பிரியும் வானவில். யாராவது ஒருத்தர் எப்படியும் போட்டுக்கொண்டு வருவார். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 1973 ஆல்பமான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அட்டைப்படம் அது. அந்த அட்டைக்குப் பின்னால் இருந்த மூளைகளில் முக்கியமானவர் ஸ்டார்ம் தார்கர்சன். வேடிக்கை என்னன்னா, ரொம்பப் பிரபலமான அந்த வேலை அவருடைய வழக்கத்துக்கே விலக்கு. அது ஜார்ஜ் ஹார்டி கையால் வரைந்த படம். தார்கர்சனின் அசல் சரக்கைப் பார்க்க அவருடைய புகைப்படங்களுக்குத்தான் போகணும்.

1944இல் லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் என்ற ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பள்ளிப் படிப்பு. ரோஜர் வாட்டர்ஸ் ஒரு வகுப்பு மேலே, சிட் பேரட் ஒரு வகுப்பு கீழே. பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கியவர்களில் இருவர் இவர்கள். லெஸ்டரில் ஆங்கிலமும் தத்துவமும் படித்துவிட்டு, லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் சினிமாவும் டிவியும் படித்தார். 1968இல் குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்கு அட்டை செய்யும் வாய்ப்பு வந்தது. நண்பர் ஆப்ரி பவலுடன் சேர்ந்து 'ஹிப்னாசிஸ்' என்ற டிசைன் ஸ்டுடியோவை ஆரம்பித்தார். பிளாட் கதவில் யாரோ கிறுக்கி வைத்திருந்த வார்த்தையே ஸ்டுடியோவின் பெயராயிற்று.

அவருடைய வழி இதுதான்: நடக்கவே நடக்காத ஒரு காட்சியை யோசிக்கணும், அப்புறம் அதை நிஜமாக நடத்திப் படம் எடுக்கணும். மக்ரித் மாதிரி சர்ரியலிச ஓவியருக்கு இதற்குத் தூரிகை போதும். தார்கர்சனுக்கு லாரி வேணும், ஆட்கள் வேணும், வானிலையும் ஒத்துழைக்கணும்.

1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' அட்டையில் கோட்டு சூட்டு போட்ட இருவர் கை குலுக்குகிறார்கள். ஒருவர் உடம்பு பற்றி எரிகிறது. தொழிலில் நஷ்டப்பட்டவனை நாம் 'கையைச் சுட்டுக்கிட்டான்' என்போமே, இங்கிலீஷிலும் கிட்டத்தட்ட அதே வழக்கு உண்டு. அந்தப் பேச்சை அப்படியே காட்சியாக்கிவிட்டார்கள். ஹாலிவுட் ஸ்டுடியோ வளாகம் ஒன்றில் ரானி ராண்டெல் என்ற ஸ்டன்ட் கலைஞர் தீப்பிடிக்காத உடைக்கு மேல் கோட்டு மாட்டி, நிஜமாகவே எரிந்தார். காற்று திரும்பியதில் மீசை கருகியது. கேமராவை இயக்கியவர் பவல்.

எல்லாம் நினைத்தபடி நடந்ததில்லை. 1976 டிசம்பரில் லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தின் மேலே ராட்சதப் பன்றி பலூன் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். யோசனை வாட்டர்ஸுடையது. கயிறு அறுந்து பலூன் விமானப் பாதைக்குள் புகுந்து, கடைசியில் கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் இறங்கியது. 'அனிமல்ஸ்' அட்டையில் நாம் பார்ப்பது ஒட்டுப்படம்: வானம் ஒரு நாளுடையது, பன்றி இன்னொரு நாளுடையது.

1983வாக்கில் ஹிப்னாசிஸ் கலைந்ததும் தார்கர்சன் மியூசிக் வீடியோ பக்கம் வந்தார். யெஸ் குழுவின் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' அவர் இயக்கியது. 1987இல் பிங்க் ஃபிளாய்டின் 'லேர்னிங் டு ஃப்ளை' வீடியோவை இயக்கினார். அடுத்த ஆண்டு அதற்கு எம்டிவி விருது கிடைத்தது.

அதே 1987இல்தான் அந்தக் கட்டில்கள். 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' அட்டைக்காக இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சான்டன் சாண்ட்ஸ் கடற்கரைக்கு 700 இரும்பு ஆஸ்பத்திரிக் கட்டில்களைக் கொண்டுபோய், மெத்தை விரித்து வரிசையாகப் போட்டார்கள். மழை வந்து கெடுத்தது. அத்தனையையும் அப்புறப்படுத்திவிட்டு, இன்னொரு நாள் திரும்பக் கொண்டுவந்து அடுக்கினார்கள். படமெடுத்தவர் ராபர்ட் டவ்லிங். இந்த மாதிரிப் படங்களில் தார்கர்சனின் வேலை சினிமா டைரக்டர் வேலைதான்.

இன்று ஒரு வரி டைப் பண்ணினால் கம்ப்யூட்டர் 700 என்ன, 7000 கட்டில்கள் போட்டுத் தரும். நானும் சாஃப்ட்வேர்காரன்தான், அந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சர்ரியலிசப் படம் வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. 'இது நடந்திருக்க முடியாதே' என்று பார்ப்பவருக்குத் தோன்றணும். எதை வேணும்னாலும் உருவாக்கலாம் என்று ஆனபிறகு அந்தத் திடுக்கிடல் எங்கிருந்து வரும்? தார்கர்சன் படங்களில் திடுக்கிட்ட அடுத்த நொடி இன்னொன்று தெரியவருகிறது: இது நடந்திருக்கிறது. கட்டில்களை யாரோ தூக்கியிருக்கிறார்கள், யாரோ படுக்கை விரித்திருக்கிறார்கள்.

2003இல் பக்கவாதம் வந்த பிறகும் வேலையை விடவில்லை. 2013 ஏப்ரல் 18 அன்று புற்றுநோயால் இறந்தபோது வயது 69.

அந்தக் கட்டில் படத்தை மொபைலில் பார்க்காதீங்க. பெரிய திரையில் திறந்து, முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஆளில் தொடங்கி, கண்ணுக்கு எட்டாத கடைசிக் கட்டில் வரைக்கும் மெதுவாகப் போய்ப் பாருங்க.